ஐந்தெழுத்து வார்த்தை

"ஏய், அஞ்சு எழுத்து! முதலும் கடைசியும் ஆர், நடுவுல வி. சட்டுனு சொல்லுடி!"

கூடத்தில் பூதக்கண்ணாடியும் ஆங்கில வார்த்தைப் புதிருமாக அப்பா. சமையலறையில் மகள்.

அம்மா போன மறுவாரமே அவர் இப்படி அம்மாவுக்குக் குரல் கொடுக்க, அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று பதறிப்போனாள். தினமும் சாவுச் செய்தி சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அம்மாவின் குரலை இரவல் வாங்கிக்கொண்டாள்.

"ரிவர்! இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்சீங்களோ!"

"கெட்டிக்காரிடி நீ!"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பினால், கதவோரம் அப்பா நின்றிருந்தார்.

"உங்கம்மா ஒருநாள்கூடச் சரியா சொன்னதில்லம்மா. எதைக் கேட்டாலும் 'எலிஃபென்ட்'தான். எத்தனை எழுத்துன்னு எண்ணக்கூட மாட்டா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ உங்களுக்கு... எல்லாம் ஞாபகம் இருக்காப்பா?"

"மறந்தாத்தானே? அன்னிக்கு ஏதோ பழக்கத்துல கூப்பிட்டுட்டேன். உள்ள இருந்து அவளே பதில் சொன்ன மாதிரி இருந்துச்சு. அதை விட மனசு வரல."

அவள் தலைகுனிந்தாள். "இனிமே சொல்லலப்பா."

"ஐயோ, சொல்லும்மா!" அப்பாவின் குரல் உடைந்தது. "நாளைக்கு மட்டும், எலிஃபென்ட்னு சொல்லு."