ராணியின் முழம்

மன்னர் காலத்துக் கதையில் கோட்டைச் சுவரை மீட்டரில் அளந்ததற்காக வாசகர்கள் கைகொட்டிச் சிரித்த நாளிலிருந்து எழுத்தாளர் முழத்துக்கு மாறிவிட்டார். ராஜாவின் முழத்துக்குத் தன் கை, ராணியின் முழத்துக்கு மனைவியின் கை. கூப்பிட்டால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். சுவரில் முழங்கையை ஊன்றி, நடுவிரல் நுனியில் சாக்பீஸால் கோடு போடுவாள். அவருடைய எழுத்தறை அவள் கைக்கு ஒன்பது முழம்.

கடைசியாக அளந்தது, ராணியை உயிரோடு அடைத்துவைக்கும் நிலவறை.

"நாலு முழம் போதும்," என்றார்.

"நாலு முழத்துல ஒரு பொம்பளை எப்படிங்க காலம் தள்ளுவா?"

"கதைதானே. உனக்கென்ன வந்துச்சு?"

"நம்ம அடுப்படி நாலு முழந்தாங்க."

"நல்லதாப் போச்சு. அப்ப அளவு சரிதான்."

அவள் இறந்தபின் அந்த நாவலுக்கு விருது கிடைத்தது. அளவுகளின் துல்லியத்தை மேடையில் வானளாவப் புகழ்ந்தார்கள். எல்லாம் தன் உழைப்பு என்றார் அவர்.

மறுநாள் காலை எழுத்தறைச் சுவரில் புதிய சாக்பீஸ் கோடுகள் இருந்தன. எட்டாவது கோட்டோடு சுவர் முடிந்திருந்தது. எரிச்சலோடு துடைத்துப் போட்டார். அடுத்த நாள் ஏழாவது கோட்டோடு முடிந்தது. கோடுகளின் இடைவெளி மட்டும் மாறவேயில்லை. இடம் போதாமல் புத்தக அலமாரியை வெளியே தள்ளவேண்டி வந்தது.

இன்று எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது சுவரில் நான்கே கோடுகள். எழுந்து கதவை இழுத்தார். மேஜை இடித்தது, கதவு திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டார்.

அடுப்படியில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.