ஊதாத புட்டு வண்டி

ஒரு விடுகதை. காலையிலிருந்து இரவு வரை செய்ய வேண்டிய வேலை அது. விடுமுறை கிடையாது. சம்பளமும் கிடையாது. அதைச் செய்கிற எல்லோரும் எப்போதடா விடுவோம் என்றுதான் காத்திருக்கிறார்கள். என்ன வேலை, சொல்லுங்கள் பார்க்கலாம்?

வேலை தேடுகிற வேலை.

ஜகார்த்தாவில் ஓர் ஒடுக்கமான சந்தில் குடியிருந்த ஹந்தோகோ ஏழு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். போன் வழியாகக் காய்கறி விற்கும் கம்பெனியில் மென்பொருள் எழுதியவன். காலம் கெட்டு, கம்பெனி ஆளைக் குறைத்தபோது முதல் வரிசையிலேயே போய்விட்டான். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்து வாங்கும் சம்பளம் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. இந்த மாதமும் வேலை அமையாவிட்டால், வீட்டைக் காலி செய்துவிட்டு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதுவரை வந்த நேர்காணல்கள் இரண்டே இரண்டு. இரண்டும் வீடியோவில். இரண்டையும் கெடுத்தது சந்துதான் என்பது அவன் தீர்ப்பு.

அந்தச் சந்தில் யாரும் கூவி விற்பதில்லை. நூடுல்ஸ்காரர் வாணலியைத் தட்டுவார். இறைச்சி உருண்டை விற்பவர் கிண்ணத்தில் கரண்டியால் அடிப்பார். மூங்கில் குழல் புட்டு விற்கும் தர்யோ ஐயாவுக்கு, அந்த ஊர் வழக்கில் பாக் தர்யோவுக்கு, அந்தச் சிரமமும் இல்லை. அடுப்பு எரிந்தால் போதும், நீராவி தானாக விசிலடிக்கும். சத்தத்தை வைத்தே இன்னார் வந்திருக்கிறார் என்று வீட்டுக்குள்ளிருந்து தட்டோடு ஓடி வருவார்கள்.

முதல் நேர்காணலில், "அங்கே ரயில் போகுதா?" என்று கேட்டார்கள்.

இரண்டாவதில், "சந்தைக்குள்ள இருந்தா பேசறீங்க?" என்றார்கள்.

அன்று ஹந்தோகோ வாசலுக்குப் பாய்ந்தான்.

"பாக் தர்யோ! உங்க விசிலால எனக்கு வேலை போச்சு, தெரியுமா?"

"நான் ஊதல, பாக். புட்டு வேகுது, அதுவா ஊதுது."

"அப்ப வேகாம வில்லுங்க!"

"வித்துடலாம். வேகாத புட்டை நீங்க வாங்குவீங்களா?"

பக்கத்து வீட்டுச் சுமி அம்மா, அந்த ஊர் வழக்கில் இபு சுமி, விழுந்து விழுந்து சிரித்தாள். கூண்டில் இருந்த அவள் பாட்டுப் பறவையும் சேர்ந்துகொண்டது. ஹந்தோகோ கதவை அறைந்து சாத்தினான். எட்டு வயது மகள் கினான் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாவது அழைப்பு சிங்கப்பூரிலிருந்து வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். நேர்காணல் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. சந்தில் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம்.

"காதுல பஞ்சு வெச்சுக்கோங்கப்பா" என்றாள் கினான்.

"சத்தம் கேக்கக் கூடாதது என் காதுக்கு இல்லம்மா, அவங்க காதுக்கு."

"அப்ப நான் வெளிய போறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஐந்து மணி. ஹந்தோகோ பல்லைக் கடித்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். கேள்வி வந்தது. பதில் சொன்னான். அடுத்த கேள்வி வந்தது. வாணலி தட்டவில்லை. கரண்டி அடிக்கவில்லை. விசில் வரவில்லை. பறவைகூடக் கப்சிப்.

"நல்ல அமைதியான இடத்துல இருக்கீங்க போல?" என்றார் திரையில் இருந்த அம்மாள்.

"ஆமா மேடம். எங்க ஏரியா எப்பவுமே இப்படித்தான்."

"ரொம்ப நல்லது. திங்கக்கிழமையே சேர முடியுமா?"

ஹந்தோகோ செருப்புப் போடவும் மறந்து வெளியே ஓடினான். ஓடியவன் அப்படியே நின்றான்.

நூடுல்ஸ்காரர் வாணலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருண்டைக்காரர் கரண்டியை அக்குளில் செருகியிருந்தார். இபு சுமியின் கூண்டு போர்வைக்குள் இருந்தது. பாக் தர்யோவின் அடுப்பில் நெருப்பே இல்லை.

"என்ன பாக் தர்யோ, இன்னிக்கு வியாபாரம் இல்லையா?"

"உங்க பொண்ணு ஒவ்வொருத்தரா வந்து கேட்டுச்சு. அப்பாவுக்கு ஒரு மணி நேரம் மட்டும் குடுங்கன்னு. அதான் அடுப்பை அணைச்சுட்டேன். அதை விடுங்க, வேலை கெடச்சுதா?"

"கெடச்சிருச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் இபு சுமி. "ஏப்பா, இனிமேலாவது மூச்சு விடலாமா?"

போர்வை விலகியது. பறவை கத்தியது. வாணலி, கரண்டி, கைதட்டல் என்று சந்தே அதிர்ந்தது. ஹந்தோகோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாக் தர்யோவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க செஞ்சதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மறக்கவும் இல்லை. சனிக்கிழமையே உட்கார்ந்து, சந்துத் தலைவருக்கு ஒரு மனு அடித்தான். வேலை நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வண்டிக்காரர்கள் யாரும் சந்துக்குள் சத்தம் எழுப்பக் கூடாது. அடியில் தன் கையெழுத்தைப் போட்டு, மற்றவர்களுக்கு இடம் விட்டிருந்தான்.

"சத்தம் இல்லாம அவங்க எப்படிப்பா விப்பாங்க?" என்று கேட்டாள் கினான்.

"எல்லாம் விப்பாங்க. எப்பேர்ப்பட்ட மனுஷங்க அவங்க! ஒரு மணி நேரம் சும்மா இருந்தவங்களுக்கு ஒன்பது மணி நேரம் இருக்க முடியாதா? நீ போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா. நீ கேட்டா யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

கினான் காகிதத்தை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தாள். பாக் தர்யோவின் வண்டி ஊதிக்கொண்டு வந்தது. அவள் நாலு புட்டு கேட்டாள். பொட்டலம் கட்ட அந்தக் காகிதத்தை நீட்டினாள்.