பாலத்தைப் பிடித்திருக்கும் விரல்

நடைமேம்பாலத்தின் இரும்புத் தூணில், சாயங்கால வெயில் விழும் பக்கம், பசை தடவி ஒட்டிய நகத்தளவு சென்சாரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். மேலே பாரம் ஏற ஏற இரும்பு எவ்வளவு நசுங்குகிறது என்று இது சொல்லுமாம். “பசை காயிறவரைக்கும் விரல எடுத்துடாதம்மா, எடுத்தா சென்சார் பாழ்,” என்கிறார் பக்கத்தில் ஒயர் சீவிக்கொண்டிருக்கும் அப்பா. போன வருஷம் வரை நான் போய்வந்த பள்ளிக்கூட பஸ் சிக்னலில் வந்து நிற்கிறது. நான் விட்டுவந்த வகுப்பு முழுவதும் ஜன்னல்களில் இருக்கிறது. “ஏய் ஊமக்கோட்டான்! பாலம் விழுந்துடாம புடிச்சிட்டிருக்கியா?” பஸ்ஸே குலுங்கிச் சிரிக்கிறது. அப்பாவும் வெள்ளந்தியாகச் சிரித்து, “உன் ஃப்ரெண்ட்ஸாம்மா?” என்று கறுத்த கையை அவர்களுக்கு ஆட்டுகிறார். “இல்லப்பா, யாரோ,” என்று சொல்லி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறேன். கன்னத்தில் ஏதோ குத்துகிறது. சென்சார் விரலோடு வந்துவிட்டது. பஸ் நகர்ந்துபோகிறது. இன்ஜினியர் வந்து தூணைப் பார்த்து, “யாருய்யா இதக் கெடுத்தது?” என்கிறார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “என் கை வழுக்கிருச்சு சார்,” என்று தலையைச் சொறிகிறார். இன்ஜினியர் அவரைத் திட்டத் தொடங்குகிறார். நான் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே நிற்கிறேன்.