ஏற்றத்தில் ஒரு கார்

அம்மாவின் உடல் கிடத்தப்பட்டிருந்த வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. மருதாசலம் ஏற்றத்தின் பாதியிலேயே, இடப்பக்கச் சுவரை ஒட்டிக் காரை நிறுத்தினான். சமதளத்தில் ஓட்டிப் பழகியவன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தபோது கார் ஒரு முழம் பின்னால் நழுவியது. பின்னால், ஏற்றத்தின் அடியில் சாலையோரம் போட்டிருந்த பந்தலில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். மிதித்த காலை அதன் பிறகு எடுக்கவில்லை.

தாய்மாமன் ரங்கசாமி மேலேயிருந்து ஓடிவந்தார். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர்.

"ஃபர்ஸ்ட் கியரப் போடு கண்ணு. வண்டிய ஆஃப் பண்ணு. ஸ்டீயரிங்கச் செவுத்துப் பக்கமா ஒடி."

எல்லாவற்றையும் செய்தான். அவரே இரண்டு கற்களைத் தேடி எடுத்துப் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்.

"இனி ஆனை வந்து தள்ளுனாலும் அசையாது. வா, உங்கம்மா மொகத்தப் பாரு."

"உருண்டுருமுங்க மாமா."

"ஆறு வருசமா வராம இருந்தே. இப்பவும் வண்டியச் சாக்குச் சொல்லாதடா."

மருதாசலம் கண்ணாடியில் தெரிந்த பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே சங்கு ஊதினார்கள். எடுக்கப்போகிறார்கள்.

ரங்கசாமி வேட்டியை மடித்துக்கொண்டு தார்ச்சாலையில் மண்டியிட்டார். அவனுடைய வலது காலை இரண்டு கைகளாலும் பிடித்து, பிரேக்கிலிருந்து மெல்லத் தூக்கினார்.

கார் அசையவில்லை. கால் மட்டும் அவர் கைகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.