மூன்றுக்கு நான்கு

வால்வை வெடுக்கென்று மூடினால் குழாய்த் தண்ணீரில் ஓர் அழுத்த அலை கிளம்பும். அறுநூறு மீட்டர் தள்ளி, இரும்பு மூடி பற்றவைத்து அடைத்த கடைசி முனையில் மோதித் திரும்பும். ஒன்று போனால் ஒன்றுதான் வரும்; வருகிற விதத்தில் குழாயின் யோக்கியதை தெரிந்துவிடும். இதையெல்லாம் வால்வுக்காரருக்கு விளக்குவது செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது பொறியாளரின் முடிவு.

மூன்று முறை மூடச் சொன்னார். அலைகளை அளக்கும் கருவியின் திரையில் நான்கு அலைகள் திரும்பின. நான்கும் ஒரே உயரம்.

“மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதாய்யா உனக்கு? இருபது வருஷமா இங்க என்னத்தக் கிழிச்சே? மெமோ கொடுத்தாத்தான் புத்தி வரும்.”

“மூணு தடவைதான் சார் மூடினேன்.”

“தள்ளிப் போய்யா.” பொறியாளரே வால்வு இருந்த குழியில் இறங்கி ஒரே ஒரு முறை மூடினார். ஏறி வந்து பார்த்தார். இரண்டு.

கருவியைத் திட்டினார். அதை வாங்கிக் கொடுத்த அலுவலகத்தைத் திட்டினார். பிறகு, “வால்வுப் பக்கமே போகக்கூடாது, இங்கயே நில்லு” என்று வால்வுக்காரரைத் தன்னருகே நிறுத்தி, கருவியை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

ஒன்று வந்தது.

“எண்ணிட்டீங்களா சார்?” என்றார் வால்வுக்காரர்.