ஆய்வுக்கூட வாசலில் ஒருவர்

பதிப்பாசிரியைக்கு அந்தச் சரித்திர நாவல் பிடித்திருந்தது. பெண்களை ஆய்வுக்கூடத்துக்குள் விடவே தயங்கிய காலத்தில், ஒருத்தி விஞ்ஞானியாகி நிமிர்ந்த உண்மைக் கதை. அவளுடைய கணவன் பாத்திரம் மட்டும் தொண்டையில் முள்ளாக உறுத்தியது.

“இந்த வீட்டுக்காரரை எடுத்துடுங்க சார்,” என்றாள், எதிரே இருந்த நரைத்த தலை நாவலாசிரியரிடம். “பொண்டாட்டி உள்ளே ஆராய்ச்சி பண்ண, கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தக் காலத்துல எந்த ஆம்பளை வாசல்ல நிப்பான்? காதுல பூ சுத்துறீங்களே!”

“நின்னாரும்மா. குழந்தை பசிச்சு அழுதா ஜன்னலைத் தட்டுவாரு. அவங்க கையைக் கழுவிட்டு ஓடி வருவாங்க.”

“அவங்களைப் பத்தி எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. இவரைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?”

“இல்லதான். அந்த ஆதங்கத்துலதான் நான் எழுதினேன்.”

“அப்போ உங்களுக்கு மட்டும் யார் சொன்னது?”

நாவலாசிரியர் கூச்சத்தோடு சிரித்தார்.

“எங்கம்மாதான் சொன்னாங்க. அந்தக் கைக்குழந்தை நான்தான்.”

சிவப்பு மையால் தான் அடித்திருந்த பக்கங்களை அவள் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தூங்க வைக்க அப்பா பாட்டுப் பாடுவாரா சார்?”

“பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. வாய்ப்பாடு சொல்வாரு.”

“அது நாவல்ல இல்லையே!” என்று சிரித்தவளுக்குக் கண் கலங்கியது. “அதையும் எழுதிக் கொடுங்க சார்.”