யாரும் கேட்டதில்லை

“அழணும்னு தோணுச்சுன்னா அழுதுடுங்கண்ணா. நான் காத்திருக்கேன்” என்றாள் பேராசிரியை. கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

சலவைக்கடைக்காரர் அழவில்லை. வெள்ளைச் சட்டை ஒன்றின் காலரை விரித்து, புஸ்ஸென்று நீராவி விடும் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஓட்டினார். மனைவி போய் ஆறு வருடம் ஆகியும் மனிதர் இன்னும் உறைந்துபோய்த்தான் இருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

மாலை ஐந்து மணிக்குள் அவள் விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். சூதாட்டத்தால் வரும் கேடுகளைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்துத் தொகுத்துக் கொடுக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. அது கிடைக்காவிட்டால் அவள் துறையில் இரண்டு பேருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது.

இரண்டு நாள் கணினியில் துழாவிப் பார்த்தாள். ஆடியவர்களைப் பற்றித்தான் கட்டுரைகள் கிடைத்தன. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைப் பற்றி ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே, ‘குடும்பத்தாரை இதுவரை யாரும் கேட்டதில்லை. தொகுக்க எதுவும் இல்லாததால், நேரில் போய்க் கேட்கவே அந்தப் பணத்தைத் தாருங்கள்’ என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டாள். கூடவே இணைக்க ஒரே ஒரு குடும்பத்தின் பேட்டி தேவைப்பட்டது. சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி மையத்தில் விசாரித்தபோது யோசிக்காமல் இவருடைய முகவரியைக் கொடுத்தார்கள்.

ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். “நிதானமா படிச்சுப் பாத்துட்டு...”

அவர் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். முன்பின் தெரியாதவள்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று அவளுக்கு மனசு நெகிழ்ந்தது.

பதிவு செய்யச் செல்போனை மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பின்னாலிருந்த அலமாரியில் வைத்தார். “இங்க இருந்தா பெட்டிச் சத்தம்தான் விழும் மேடம்.”

“உங்க வீட்டுக்காரம்மா எப்போ ஆட ஆரம்பிச்சாங்கண்ணா?”

“சின்னவளுக்குப் பால் மறக்கடிச்ச சமயம். செல்போன்ல சீட்டாட்டம். மொதல்ல ஜெயிக்கத்தான் செஞ்சா. இந்தப் பெட்டியே அவ ஜெயிச்ச காசுல வாங்கிக் கொடுத்ததுதான்.” பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர்களை அறிவிக்கும் குரல் போல ஏற்ற இறக்கமே இல்லாமல் வந்தது பேச்சு. “அப்புறம் பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள உட்கார்ந்து ஆடுவா. குளிக்கிறாளாக்கும்னு நினைச்சுக்குவேன். நகை போச்சு. வாடிக்கைக்காரங்ககிட்ட என் பேரைச் சொல்லிக் கைமாத்து வாங்கியிருக்கா. எனக்குத் தெரியறதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு.”

அவள் எழுதி முடிக்கும்வரை நிறுத்தினார். பேனா நின்றதும் தொடர்ந்தார்.

“ஒரு நாள் காலைல பெரியவளுக்குத் தலை பின்னிட்டிருந்தா. ஒரு பக்கம் பின்னிட்டு, இதோ வந்துடறேன்னு எழுந்து போனா. மத்தியானம் வரைக்கும் புள்ள ஒத்தைப் பின்னலோட வாசல்லயே நின்னுது. மூணாம் நாள் போலீஸ்ல கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னாங்க.”

பேராசிரியை பொட்டலத்தைப் பிரித்து அவளே ஒரு தாளை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சட்டையைப் புரட்டிப் போட்டு முதுகுப் பக்கத்தைத் தேய்த்தார்.

“அந்தச் சமயத்துல என்ன உதவி...”

“வீட்டுல இருக்கறவங்க போன் பண்ணிச் சொன்னா அந்தக் கணக்கை நிறுத்தி வைக்கணும். தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் நாலு தடவை கம்பெனிக்குப் போன் பண்ணேன். யார் பேர்ல கணக்கு இருக்கோ அவங்கதான் பேசணும்னு சொல்லிப் போனை வெச்சுட்டாங்க. நிறுத்தியிருந்தா அவ இருந்திருப்பா. அவ்வளவுதான் மேடம், வேற ஒண்ணும் கேக்கத் தெரியலை எனக்கு.”

அந்த வரிக்கு அடியில் அவள் இரண்டு கோடு இழுத்தாள். எவ்வளவு எளிய விஷயம்! தேடிப் படித்த ஒரு கட்டுரையில்கூட இது இல்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

“பெரிய விஷயம் சொல்லியிருக்கீங்கண்ணா. இன்னிக்கே அரசாங்கத்துக்கு எழுதறேன். பணம் மட்டும் வந்துடட்டும், உங்களை மாதிரி நூறு பேரைத் தேடிப் போய்க் கேட்டுடறோம்.”

“சரிங்க.”

அவர் தலை நிமிரவில்லை. கடிகாரம் நாலே கால் காட்டியது. செல்போனையும் நோட்டையும் பையில் திணித்துக்கொண்டு வாசல்வரை போனவளுக்கு அப்படியே கிளம்ப மனசு வரவில்லை. திரும்பி வந்தாள்.

“இத்தனை பாரத்தையும் உள்ளேயே பூட்டி வெச்சிருந்திருக்கீங்க. ஆறு வருஷத்துல ஒருத்தராவது வந்து உங்களைக் கேட்டிருக்கணும். எங்க மேலதான் தப்பு. மன்னிச்சுக்கோங்கண்ணா.”

அவர் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தார். அடுத்ததை எடுத்து உதறி விரித்தார்.

“நீங்க ஒன்பதாவது ஆளு மேடம்.”